காத்தான்குடிப் பக்கத்துக் குஷன் கடையும் என் நாரியும்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு நாரி நோவுக்கு, அதாவது கீழ்முதுகு வலிக்கு, எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நேரம் இருப்பவர்கள் வாசிக்கலாம். தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டி வேண்டாம். கேமிங் கதிரை என்று சிவப்பும் கறுப்புமாக விற்கிறார்களே, அதில் இருந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற கதிரையைத் தூக்கிக்கொண்டு வாகன சீட் தைக்கிற ஒரு நல்ல குஷன் கடைக்குப் போங்கள், பிறகு மரவேலை செய்கிற ஓர் ஓடாவியைப் பிடியுங்கள். நான் போன கடை கல்முனை வீதியில், காத்தான்குடி தாண்டி ஆரையம்பதிக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஓட்டோ சீட்டும் லொறி சீட்டும் தோல் உரிந்தபடி குவிந்திருக்கும், உள்ளே தையல் மெஷின் சத்தம் கேட்கும், அதுதான் அடையாளம்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கல்லடியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் டைப்செட்டிங் செய்கிறேன். தவணைப் பரீட்சைத் தாள், கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு, எல்லாம் கையெழுத்தில் வரும், நான் கொம்பியூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். தவணை முடிகிற நேரத்தில் ஆசிரியர்மார் எல்லாரும் ஒரே நாளில் தாளோடு வந்து நிற்பார்கள், அப்போது காலையில் இருந்தால் சோற்றுக்குத்தான் எழும்புவது. நோவு இரண்டு இடத்தில். ஒன்று நாரியில், பாவாடை நாடா கட்டுகிற உயரத்தில், பின்னேரம் ஆக ஆக ஏறுகிற ஓர் உளைவு. மற்றது இடப்பக்கக் கழுத்தில் தொடங்கித் தோள்பட்டை வரை இழுக்கிற நோ. ஸ்கூட்டி ஓடும்போது ஒரு பக்கம் கிறுகிப் பார்க்கத் தலை திரும்பாது, உடம்பையே திருப்ப வேண்டும்.

இது எனக்கு மட்டும் வந்த புதினம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020ஆம் ஆண்டில் 619 மில்லியன் பேருக்கு நாரி நோ இருந்திருக்கிறது, 2050இல் அது 843 மில்லியன் ஆகும் என்கிறார்கள். அதில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நோய் என்று விரலை வைத்துக் காட்ட ஒரு காரணம் இருக்காது. எலும்பு தேய்ந்துவிட்டது, டிஸ்க் விலகிவிட்டது என்று ஊரில் ஆளுக்கு ஆள் சொல்வதைக் கேட்டு இரவில் நித்திரை கொள்ளாமல் கிடப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முதலில் பட்டி. கட்டாரில் இருக்கும் அத்தான் லீவில் வந்தபோது கொண்டுவந்தார். இங்கேயும் இணையத்தில் 2,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது, விளம்பரத்தில் கூனிக்கொண்டிருக்கிற ஒருவர் அதைப் போட்டதும் நிமிர்ந்து சிரிப்பார். இரண்டு தோளுக்கும் வார், முதுகில் குறுக்காக இலாஸ்டிக், வயிற்றில் வெல்க்ரோ. தையலில் குறை சொல்ல மாட்டேன், நல்ல தையல். போட்டதும் நானும் பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் நிற்கிற மாணவத் தலைவி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தோள் பின்னால் போகிறதே தவிர நாரி அதே இடத்தில் அப்படியே வளைந்திருக்கிறது, தோளை இழுத்தால் நாரி தானாக வந்து சேரும் என்று இதைச் செய்தவர்கள் நினைத்தார்களோ என்னவோ. கீபோர்ட்டுக்குக் கை நீட்டினால் வார் கக்கத்தை வெட்டும். இன்னொன்று, இது மட்டக்களப்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மின்விசிறியே சூட்டைத்தான் வீசும், அந்த நேரத்தில் சட்டைக்கு மேலே நைலோனும் இலாஸ்டிக்கும் கட்டிக்கொண்டு இருந்து பாருங்கள், முதுகு முழுக்க வியர்க்குரு. சட்டைக்கு உள்ளே போட்டால் இன்னும் மோசம்.

ஒரு நன்மை உண்டு, அதையும் சொல்ல வேண்டும், கூனும்போது வார் இழுத்து நினைவுபடுத்தும். கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு உடம்பு வாரிலேயே சாய்ந்து ஓய்வெடுக்கப் பழகிவிடுகிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட நாரி நோவுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது, அதில் இடுப்புப் பட்டி, தாங்கு பெல்ட் வகைகளை வழமையான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்ற பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள், உடம்பை இழுத்து வைக்கிற டிராக்‌ஷனும் அதே பக்கத்தில். அவர்கள் சொன்னது இடுப்பில் கட்டுவதைப்பற்றி, என்னுடையது தோளில் கட்டுவது, இரண்டும் ஒன்று இல்லை, என்றாலும் கட்டிவைத்து நேராக்கலாம் என்ற யோசனை எனக்கு அதோடு விட்டுப்போனது. எலும்பு முறிந்தோ ஒப்பரேஷன் முடிந்தோ டொக்டர் பெல்ட் தந்திருந்தால் அது வேறு கதை, அதைக் கழற்றி எறிந்துவிட்டு என்னைச் சொல்லாதீர்கள். அத்தானுக்கு இதொன்றும் தெரியாது, பட்டி அலுமாரிக்குள் இருக்கிறது.

கேமிங் கதிரையைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நகரத்தில் ஒரு தளபாடக் கடையில் இருந்து பார்த்தேன். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். பின்னால் சாய்ந்தால் இருக்கையின் முன்விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தில் இடிக்கிறது, இடிக்காமல் முன்னால் வந்தால் முதுகுக்குச் சாய்வே இல்லை, நாரிக்கென்று தொங்கவிட்ட தலையணை தோள்பட்டைக்கு வந்து நிற்கிறது. நன்றாகப் பின்னால் தள்ளி இருந்த பிறகு கதிரை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போக இடம் வேண்டும், எந்தக் கதிரையையும் அப்படிப் பார்த்து வாங்குங்கள். உயரமான ஆட்களுக்கு அந்தக் கதிரை பொருந்தலாம். விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது என்பதால் எனக்கு அந்தக் கவலையும் இல்லை.

இனிக் குஷன் கடை. வேலை செய்கிற இடத்தில் எனக்குத் தந்திருப்பது நாலு கால் மரக்கதிரை, சாய்வு சுவர் மாதிரி நேர். அதைத் தெரிந்த ஒருவரின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்காரக் காக்கா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், வாயில் நூலைக் கடித்துக்கொண்டே, "என்ன தங்கச்சி, சீட் கிழிஞ்சிட்டா?" என்று கேட்டார். கிழியவில்லை காக்கா, நாரி நோகிறது என்றேன். இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அப்ப கதிரைய வைங்க, அதுல இருங்க பாப்பம்." இருந்தேன். "இப்பிடி இல்ல, கடையில எப்பிடி இருப்பீங்களோ அப்பிடி இருங்க, எனக்காக நிமிர வேணாம்" என்றார். நாரிக்கு என்று எதையாவது விற்கிற அத்தனை பேரும் என்னை நிமிரத்தான் சொல்லியிருக்கிறார்கள், நான் இருக்கிற மாதிரியே இரு என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். ஓட்டோக்காரர்கள் வரும்போதும் அப்படித்தானாம், ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரிக் கையை வைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பொன்ஞ் வெட்டுவாராம்.

அளந்த விதம்தான் எனக்குப் பிடித்தது, இதை வீட்டிலேயே நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு துவாயைச் சுருட்டித் தந்தார். அதை முதுகுக்குப் பின்னால் வைத்து மேலும் கீழும் நகர்த்தி எந்த உயரத்தில் சுகமாக இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். எனக்கு அது இருக்கையிலிருந்து எட்டு அங்குலத்தில் வந்து நின்றது, சோக்கால் கதிரையில் கோடு போட்டார். பெரும்பாலும் ஆறுக்கும் பத்துக்கும் நடுவில்தான் வரும், நாரியின் உள்வளைவு அங்கேதான் இருக்கிறது. பிறகு துவாயை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றிக் கழற்றி மொத்தத்தைக் குறைத்தார். நான் எதிர்பார்த்ததைவிட மெல்லிசாக வந்தது. கடையில் ஆயத்தமாக விற்கிற நாரித் தலையணைகள் ஏன் சரிவருவதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது, அவை மொத்தம் கூட, நாரியைத் தாங்குவதற்குப் பதில் ஆளையே முன்னால் தள்ளிவிடும், தள்ளியதும் முதுகின் மேல்பக்கம் சாய்விலிருந்து விலகிவிடும், மேசையில் முழங்கையை ஊன்றத் தொடங்குவோம், பிறகு பழைய கூனல்தான்.

அடுத்தது, "மேசை எவ்வளவு உசரம்?" தெரியாது என்றதும் போன் பண்ணிக் கேட்கச் சொன்னார். எங்கள் கொமியூனிகேஷன் கடை அண்ணன் அளந்து முப்பது அங்குலம் என்றார். கதிரை இருக்கை பதினேழு. காக்கா இரண்டையும் ஒரு மட்டை அட்டையில் எழுதிவைத்துக்கொண்டு, "மேசை உசரம், கதிரை பதிவு. தோளத் தூக்கிக்கிட்டுத்தானே அடிக்கிறீங்க?" என்றார். உண்மைதான், முழங்கை இருக்கிற உயரத்துக்குக் கீபோர்ட் இருக்க வேண்டும், எனக்கு அது நாலைந்து அங்குலம் மேலே இருந்தது, நாள் முழுக்கத் தோளைத் தூக்கி வைத்திருந்தால் கழுத்து சும்மா இருக்குமா. அதனால் இருக்கைக்கும் இரண்டு அங்குலம் உயர்த்தி ஒரு குஷன். "மறுகா கால் தொங்கும். காலுக்கு ஒரு பலகை வெச்சிக்கங்க, இல்லாட்டி குஷனாலதான் நோவு கூடிட்டெண்டு என்னைத்தான் ஏசுவீங்க." கால் தொங்கினால் விளிம்பு தொடையை அழுத்தும், அழுத்தினால் நம்மை அறியாமலே முன்னால் சறுக்குவோம், சறுக்கினால் நாரி வளையும். மேசையை மாற்ற முடியாதென்றால் கதிரையை மேசைக்கு அளந்து, காலைக் கதிரைக்கு அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் நோவு இன்னோர் இடத்துக்குப் போய்விடும்.

ஸ்பொன்ஞ்சில் மூன்று வகை காட்டினார். பெருவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். மிருதுவானது இருந்தவுடன் சுகம், கொஞ்ச மாதத்தில் நசிந்து பலகையாகிவிடும். துண்டு ஸ்பொன்ஞ்சுகளை ஒட்டி அழுத்திச் செய்த இன்னொன்று, கல்லு. நடுவில் ஒன்று. கல்லைக் கீழேயும் நடு வகையை மேலேயும் ஒட்டினார், லொறி சீட்டுக்கும் அப்படித்தான் செய்வது வழக்கமாம். உறைக்கு அவர் வழமையாகப் போடுவது ரெக்சீன், வெயில் காலத்தில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு எழும்பும், அதனால் என்னிடம் இருந்த மருதமுனைக் கைத்தறித் துணியைக் கொடுத்தேன். கழற்றித் தோய்க்க சிப், சாய்விலிருந்து கீழே வழுக்காமல் இருக்கப் பின்னால் இலாஸ்டிக் பட்டி. முதுகுக்கும் இருக்கைக்கும் சேர்த்து 3,800 ரூபாய் எடுத்தார், துணி என்னுடையது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளுக்குத் தரமாட்டார். நான் கொடுத்தது பெரும்போக அறுவடை நேரம், டிரக்டர் சீட்டும் வெட்டு மெஷின் சீட்டும் வந்து குவிந்துகிடந்தன, அவை வயலில் நிற்க வேண்டியவை, என் நாரி அதற்குப் பின்னால்தான். போன் எடுக்க மாட்டார். பில் தரமாட்டார். ஒட்டிய பசையின் மணம் ஒரு கிழமைக்கு மேல் அடித்தது. மூலையில் சிப் மாட்டிக்கொள்கிறது, கோடுகள் நேராக வரவில்லை, வீட்டு வரவேற்பறைக்குச் செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஆனால் முதுகுக் குஷன் இன்னும் கொஞ்சம் மொத்தம் என்று நான் திரும்பிக் கொண்டுபோனபோது அரை அங்குலம் சீவித் தந்துவிட்டுக் காசு வாங்கவில்லை, பிளேன்டி வேறு தந்தார்.

ஓடாவி நாவற்குடாவில் இருக்கிறார், கதவு நிலை, ஜன்னல் செய்கிறவர். மேசைக் காலை இரண்டு அங்குலம் வெட்டலாம் என்றுதான் நானும் அவரும் திட்டம் போட்டோம், கடை அண்ணன் தன்னுடைய அப்பாவின் மேசை என்று வெட்ட விடவில்லை. அதனால் மேசைக்குக் கீழே மூன்று அங்குலம் பதிவாக, லாச்சி மாதிரி இழுக்கிற ஒரு பலகை, கீபோர்ட்டும் மவுஸும் அதில். தொடை இடிக்காமல் இருக்கிறதா என்று என்னை இருத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆணி அடித்தார். காலுக்கு மூன்றரை அங்குல உயரத்தில் லேசாகச் சரிந்த ஒரு பலகை, அகலமாகச் செய்யுங்கள், காலை ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, கடுதாசித் தாங்கி. மொத்தமாக 4,500 ரூபாய், மிச்சப் பலகையில் செய்ததால் அந்த விலை.

அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கடுதாசித் தாங்கியைச் செய்யுங்கள், நான் சொல்வது டைப் பண்ணுகிற ஆட்களுக்கு. கையெழுத்துத் தாளை இடப்பக்கம் மேசையில் படுக்கப்போட்டுவிட்டு, அதைக் குனிந்து திரும்பிப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தால், ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை கழுத்து அந்தப் பக்கம் போய்வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. அதை 60 பாகை முன்னால் சரித்தால் கழுத்தில் விழுகிற பாரம் 27 கிலோ அளவு என்று 2014இல் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு கணக்குக் காட்டினார். அது கொம்பியூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு, ஆளைப் பிடித்து அளந்தது இல்லை, அதனால் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம், ஆனால் போக்கு சரிதான். தாங்கி இப்போது கீபோர்ட்டுக்கும் மொனிட்டருக்கும் நடுவில் சரிவாக நிற்கிறது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஏற்றி இறக்கினால் போதும். யூடியூப்பில் எல்லாரும் மொனிட்டரைத் தூக்கு தூக்கு என்கிறார்கள், நான் அளந்து பார்த்தேன், என் உயரத்துக்கு மொனிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் ஏற்கெனவே வந்து நிற்கிறது, தூக்கியிருந்தால் நாடியை உயர்த்தி வேறொரு கழுத்து நோவைத் தேடியிருப்பேன். வாசிக்கும் கண்ணாடியும் தூரக் கண்ணாடியும் ஒன்றாகப் போட்டிருப்பவர்கள் இன்னும் பதித்துத்தான் வைக்க வேண்டும், கீழ்க்கண்ணாடியால் பார்ப்பதற்குத் தலையை அண்ணாந்துகொண்டு இருப்பார்கள், கடை அண்ணனே அப்படித்தான்.

இதெல்லாம் செய்து நோவு போய்விட்டதா என்றால், கழுத்து கிட்டத்தட்ட சுகம், நாரி பாதி. மிச்சப் பாதிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிக்குத்தான் புள்ளி போடுவேன். இலவசம், ஓபிடியில் காட்டி டொக்டரின் கடிதத்தோடு போக வேண்டும், காலையில் வேளைக்குப் போய் இருக்க வேண்டும். டொக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே தேவையில்லை என்றார். எக்ஸ்ரே எடுக்காவிட்டால் பார்க்கவே இல்லை என்று நினைக்கிற ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய, ஆபத்தான அறிகுறி ஒன்றும் இல்லாத நாரி நோவுக்கு அது வழமையாகத் தேவைப்படுவதில்லை. பிசியோதெரபி மிஸ் என்னைவிடச் சின்னப் பிள்ளை. நான் நேராக இருந்து காட்டியதும், "அக்கா, நேரா இருக்கிறதில்ல விசயம், எவ்வளவு நேரம் அப்பிடியே இருக்கிறீங்க எண்டதுதான்" என்றார்.

நேராக இரு என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சொன்னதற்குப் பின்னால் ஒரு பழைய ஆராய்ச்சியும் உண்டு. நாக்கம்சன் என்ற சுவீடன் டொக்டர் 1960களில் முதுகெலும்பு டிஸ்க்குக்குள் ஊசி ஏற்றி அழுத்தத்தை அளந்தார், நிற்பதைவிட இருக்கும்போது அழுத்தம் கூட, முன்னால் குனிந்து இருந்தால் இன்னும் கூட என்று வந்தது. 1999இல் ஜேர்மனியில் வில்கே என்பவரின் குழு புதிய கருவியோடு திரும்ப அளந்தபோது, சாதாரணமாக இருப்பதற்கும் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கதிரையில் பின்னால் சரிந்து இருந்தால் நிற்பதைவிடக் குறைவு. அளந்தது ஒரேயொரு ஆளில்தான், அதை வைத்துக்கொண்டு சரிந்து கிடங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வகுப்பில் சாய்ந்திருந்ததற்கு முதுகில் அடி வாங்கியவர்கள் ஆறுதல் அடையலாம்.

மிஸ் தந்த பயிற்சி சொற்பம். குப்புறப் படுத்து முழங்கையில் ஊன்றி நெஞ்சைத் தூக்குவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, தோள்பட்டை இரண்டையும் பின்னால் சேர்த்து விடுவது, கடையில் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னால் வளைவது. எழும்புவதற்கு மறந்துபோகும் என்பதால் பிரிண்டரைக் கை எட்டாத மூலைக்கு மாற்றிவிட்டேன், ஒவ்வொரு தாளுக்கும் நடக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலும் சின்னது, தீர்ந்தால் எழும்பித்தான் நிரப்ப வேண்டும். போன் அலாரம் வைத்துப் பார்த்தவர்கள் இரண்டாம் நாளே அதை நிறுத்துவார்கள், பிரிண்டரை நிறுத்த முடியாது.

நடக்கவும் சொன்னார். பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தில் நடக்கிற கூட்டத்தைப் பார்த்துச் சீனி வருத்தக்காரர் என்றுதான் நினைப்போம், நாரிக்காரருக்கும் அது மருந்து. அவுஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சி 2024இல் வந்தது, நாரி நோ வந்து மாறியவர்கள், அதில் நடக்கப் பழக்கி ஆலோசனையும் கொடுத்த பக்கத்தில் நோவு திரும்பி வர நடுமட்டாக 208 நாள் எடுத்தது, மற்றப் பக்கத்தில் 112 நாள். காசு செலவில்லாத சாமான் ஒன்று இவ்வளவு செய்கிறதென்றால் அதை விளம்பரப்படுத்த யாருக்கு ஆசை வரும்.

மற்ற வேலைக்காரருக்கு என் அளவுகள் பொருந்தாது. ஓட்டோ ஓடுகிறவர்கள் காற்சட்டைப் பின்பையில் இருக்கிற பேர்ஸை முதலில் எடுங்கள், ஒரு பக்கம் உயர்ந்து நாள் முழுக்கச் சரிந்துதான் இருக்கிறீர்கள். மருதமுனையில் தறிக்கு முன்னால் இருப்பவர்களுக்குச் சாய்வே கிடையாது, கால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அங்கே முதுகுக் குஷன் வீண், இருக்கிற பலகையின் உயரமும் அடிக்கடி எழும்புவதும்தான் வழி. குசினியில் நிலத்தில் இருந்து திருவலையில் தேங்காய் திருவுகிற அம்மாமாருக்கு மேசையில் பூட்டுகிற திருவலை ஒன்று வாங்கிக் கொடுங்கள், குஷன் கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டியவை சில உண்டு. சலம், அதாவது சிறுநீர், அடைபட்டால் அல்லது போவதே தெரியாவிட்டால், தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்தால், கால் பலம் இல்லாமல் இழுபட்டால், அன்றைக்கே போங்கள், குஷன், எண்ணெய், ஒத்தணம் எல்லாம் பிறகு. நோவோடு காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, விழுந்த பிறகு வந்த நோ, இவையும் காட்ட வேண்டியவை.

கடைக்குப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டியிருக்கும், அறுவடை மாதங்களில் போகாதீர்கள். கதிரையைக் கட்டாயம் கொண்டுபோங்கள், படம் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார். மேசை உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வேலைக்குப் போடுகிற செருப்போடு போங்கள், அதுவும் அளவில் சேரும். முற்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் இன்னும் பிந்தும்.